நடுவுல ஒரு வெள்ளக் கோடு

நீலத் தோலு. என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அவங்க கத்தியால ஒரு சீவு சீவி, வெட்டின வாய எங்கிட்ட திருப்பிக் காட்டுனாங்க. மேல நீலம். கீழ நீலம். நடுவுல மட்டும் நூலு மாதிரி ஒரு வெள்ளக் கோடு.

"பாத்தியா"ன்னாங்க.

பாத்தேன்.

இவ்ளோ வாரமா எங்கம்மா, எங்க சர்ச் தெரு, எட்டாவதோட நின்னுபோன என் படிப்புன்னு சொல்லிட்டு வந்தேன். இந்த வாரம் அந்த வெள்ளக் கோட்ட மட்டும் சொல்லிடறேன். அதச் சொல்லாம வேற எதுவும் வாய்ல வர மாட்டேங்குது. அந்தக் கோடு விழுந்தது என்னாலதான். பழி அவங்க மேல போச்சு. அவங்க செத்துட்டாங்கன்னு போன மாசம் லெட்டர் வந்துச்சு.

லுங்கி கட்டுன இஞ்சினியர்

அவங்க பேரு ஹலீமா. நைஜீரியா தேசத்துல கானோன்னு ஒரு ஊரு. அங்கயும் எங்க ஆம்பூரு மாதிரிதானாம், காத்து அடிச்சா தோலு வாசன. கெமிக்கல் இஞ்சினியருக்குப் படிச்சவங்க. அவங்க வேல செய்ற தோல் கம்பெனி, எங்க கம்பெனிக்கு ஆறு மாசம் அனுப்பி வெச்சுது.

ஏழெட்டு வருஷம் இருக்கும், எழுவதுகளோட கடைசி. மழ விட்டு, பாலாத்துல அங்கங்க குட்டையா தண்ணி நின்ன சமயம். எனக்குப் பதினெட்டு வயசு. அவங்களுக்கு முப்பது கூட ஆகல.

மொத நாள் நான் ஓரமா உக்காந்து தோலு விளிம்ப கத்தரிச்சிட்டு இருந்தேன். ஒசரமா ஒருத்தங்க, தலைல பூப்போட்ட துணி சுத்திட்டு வந்தாங்க. முதலாளி நாற்காலி போடச் சொல்றாரு, அவங்க உக்காரல. நேரா டிரம் கிட்ட போயி காத வெச்சாங்க.

டிரம்னா மரத்துல செஞ்ச பெரிய பீப்பா. எங்க வீட்ட விடப் பெருசு. தோலு, தண்ணி, மருந்து எல்லாம் உள்ள போட்டு மூடிட்டா மணிக்கணக்கா சுத்திட்டே கெடக்கும். பெரிய மிருகம் ஒண்ணு தூக்கத்துல பொரண்டு படுக்கற மாதிரி ஒரு சத்தம். அத அவங்க கண்ண மூடிட்டு கேட்டாங்க. அப்பால இங்கிலீஷ்ல, "தண்ணி கம்மி"ன்னாங்க.

கோவிந்து மேஸ்திரி மூடியத் தெறந்து பாத்தாரு. கம்மிதான்.

டிரம் யார்டுக்கு அவர்தான் எல்லாம். முதலாளியே அவர்கிட்ட கேட்டுட்டுதான் மூடியத் தொடுவாரு. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கியிருக்காது அவருக்கு.

கொண்டு வந்த துணி பத்தலன்னு ஒரு நாள் அவங்க குடியாத்தம் போயி கட்டம் போட்ட லுங்கி நாலு வாங்கிட்டு வந்தாங்க. அவங்க ஊர்ல பொம்பளைங்க இடுப்புல அப்டித்தான் துணி சுத்துவாங்களாம். மறுநாள் அதக் கட்டிட்டு, மேல சட்டையப் போட்டுட்டு உள்ள வந்தாங்க. கத்தரிக்கற கை எல்லாம் நின்னு போச்சு.

"டேய், பெரிய மேஸ்திரி வராருடா, எழுந்து நில்லுங்க"ன்னாரு கோவிந்து.

பசங்க சிரிச்சானுங்க. அவங்க நின்னு, கோவிந்து லுங்கியக் காட்டுனாங்க, தன் லுங்கியக் காட்டுனாங்க. "சேம் கடை?"ன்னு கேட்டாங்க.

கோவிந்துக்கு வெக்கம் வந்துடுச்சு. அன்னிலேர்ந்து அவரு அவங்கள ஒண்ணும் சொல்றதில்ல.

ஆம்பளைங்க நடுவுல ஒரு பொம்பளைய தனியா விடக் கூடாதுன்னு முதலாளி பாய் தொணைக்கு ஆள் தேடினாரு. நம்பர் எழுதத் தெரிஞ்ச பொண்ணு நான் ஒருத்திதான். அப்டித்தான் டிரம் யார்டுல கால் வெச்சேன். அதுக்கு முன்னாடி அங்க பொம்பளைங்க தரை கூட்டத்தான் வருவாங்க.

வேற ஊரு பேரு

மத்தியானம் சாப்புடறப்பதான் கத வரும். பாதி இங்கிலீஷ், பாதி கை. ரெண்டு மாசத்துல தமிழும் வந்துடுச்சு, என் தமிழு. ஒரு நாள் முதலாளி வணக்கம் சொல்ல வந்தப்ப, "இன்னா பாய், நல்லா கீறீங்களா"ன்னு கேட்டுட்டாங்க. பாய் என்னத்தான் மொறச்சாரு.

அவங்க அப்பா கானோ சந்தைல ஆட்டுத் தோலு விக்கறவரு. செவப்புச் சாயம் ஏத்துன தோலு. அந்தக் காலத்துல அது ஒட்டகத்து மேல ஏறி, பாலைவனம் தாண்டி, கப்பல்ல வெள்ளக்காரன் ஊருக்குப் போவுமாம். போற வழில இருக்கற ஒரு தேசத்தோட பேரத்தான் அந்தத் தோலுக்கு வெச்சாங்களாம் வெள்ளக்காரங்க. செஞ்சவங்க ஊரு பேரு எங்கயும் இல்ல.

"எங்க தோலு. வேற ஊரு பேரு"ன்னு சொல்றப்ப, சிரிச்ச மொகம் அப்டியே கல்லு மாதிரி ஆயிடும்.

சின்னப் பொண்ணா இருக்கறப்ப அப்பா பக்கத்துல உக்காந்து, இந்தத் தோலு ஏன் மெத்துனு இருக்கு, அது ஏன் வெறப்பா இருக்குன்னு நச்சரிச்சுட்டே இருப்பாங்களாம். தாங்காம அப்பா, "எனக்குத் தெரியல தாயி, தெரிஞ்சவன் யாராவது இருந்தா போய் கேளு"ன்னாராம். கேட்டுக்கினே போனாங்க. பள்ளிக்கூடம், ஸ்காலர்ஷிப்பு, கடைசில இங்கிலாந்து. வகுப்பு பூரா பசங்க, இவங்க ஒருத்தங்கதான் பொண்ணு. மொத நாள் வாத்தியாரு, வழி தெரியாம வந்துட்டியாம்மான்னு கேட்டாராம். அந்தக் கட்டடத்துல பொம்பளைங்களுக்கு கக்கூஸே கெடையாது. மழைல ரோட்டக் கடந்து வேற கட்டடத்துக்குப் போவணும். நாலு வருஷமும் அப்டித்தான்.

படிச்சு முடிச்சு ஊருக்கு வந்து தோல் கம்பெனில சேந்தா, டைப் மிஷினு வெச்ச மேசையக் காட்டுனாங்களாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"மிஷின் சரிதான், ரூம் தப்பு. என் மிஷின் கீழ சுத்துதுன்னேன்."

அந்த ஊர்ல டிரம் யார்டுக்கு எறங்குன மொத பொம்பள இஞ்சினியர் அவங்கதான். ஆனா பொறுப்பு குடுக்கல. லேபுல ஒரு மேசை. எங்க ஊருக்கு அனுப்புறப்ப சொல்லித்தான் அனுப்புனாங்களாம்: அங்க போயி ஒன் யோசனைய ஜெயிச்சுக் காட்டு, கம்பெனிய நடத்தற பொறுப்பப் பத்தி அப்பால பேசலாம்.

யார் வேல செய்யறதப் பாத்தாலும் "சன்னு"ம்பாங்க. அவங்க பாஷைல அது வணக்கம். வேல செய்றவங்களுக்கு ஒரு சன்னு, வழி நடந்து வர்றவங்களுக்கு ஒரு சன்னு, எளைப்பாறி உக்காந்து இருக்கறவங்களுக்கு வேற ஒரு சன்னு. எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. நான் வேல செய்றதுக்கு மட்டும்தான் கத்துக்கிட்டேன். மத்தது எங்க தேவப்படுது நமக்கு.

பழைய தண்ணி

அவங்க யோசன இதுதான். தோல நீலமாக்கறது குரோம் மருந்து. டிரம் சுத்தி முடிச்சதும் தோல எடுத்துட்டு, மிச்சம் இருக்கற பச்சத் தண்ணிய கால்வாய்ல தெறந்து வுட்டுடுவோம். எங்க தெரு நாய் ஒண்ணு அதுல படுத்துப் படுத்து, வாலு நீலமாவே ஆயிடுச்சு. அந்தத் தண்ணிய வுடாம புடிச்சு, துணில வடிகட்டி, கொஞ்சம் புது மருந்து சேத்து அடுத்த லாட்டுக்கு ஊத்தலாம்னாங்க அவங்க. மருந்தும் கம்மி, கால்வாய்ல போற வெஷமும் கம்மி.

"எச்சித் தண்ணில எங்கியாவது தோலு வேவுமா?"ன்னாரு கோவிந்து.

முதலாளி பாய் யோசிச்சு, இருநூறு ஆட்டுத் தோலு குடுத்தாரு. "நல்லா வந்தா அந்தத் தண்ணியப் புடிக்க நானே தொட்டி கட்டறேன், ஒங்க கம்பெனிக்கு நானே எழுதறேன். கெட்டுப் போச்சுன்னா இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடணும்"ன்னாரு.

அவங்க ஆறு மாசமும் அந்த இருநூறு தோலுலதான் இருந்துச்சு.

பாசஞ்சர்

குரோம் உள்ள எறங்குனப்பறம் சோடா போடணும். அதான் மருந்த தோலுல புடிச்சு நிறுத்தறது. ஒரேடியா கொட்டக் கூடாது. நாலு பங்கா பிரிச்சு, விட்டு விட்டு போடணும். அவசரப்பட்டா மருந்து மேல் தோலுலயே நின்னுடும், நடுவுல போவாது.

எங்க யார்டுல கடிகாரம் கெடையாது. கோவிந்து கணக்கு இது: மத்தியானப் பாங்கு சொன்னா மொத சோடா. பெங்களூரு போற பாசஞ்சர் ரயிலு போனா ரெண்டாவது. பக்கத்து மில்லு சங்கு ஊதுனா மூணாவது. சாயங்காலத் தொழுகைக்கு பாங்கு சொன்னா நாலாவது. அவரு மாமனாரு காலத்துலேர்ந்து அப்டித்தான்.

அந்த இருநூறு தோல டிரம்ல போட்ட அன்னிக்குக் காலைல கானோலேர்ந்து தந்தி. அவங்களுக்கு ஒரு பையன், மூணு வயசு, அவங்க அம்மா கிட்ட வுட்டுட்டு வந்திருந்தாங்க. அவனுக்குக் காய்ச்சலாம். டிரங்க் கால் போடணும்னா போஸ்டாபீஸ்ல மணிக்கணக்கா காத்து நிக்கணும். டிரம் ஏற்கெனவே சுத்த ஆரம்பிச்சாச்சு.

கைல இருந்த வாட்ச அவுத்து எங்கிட்ட குடுத்தாங்க. பெரிய முள்ளு இங்கேர்ந்து இங்க வரணும், அப்ப ஒரு பங்கு, மறுபடியும் இங்க வந்தா இன்னொரு பங்குன்னு வெரலால காட்டுனாங்க. "புரிஞ்சுதா எஸ்தரு?"

"புரிஞ்சுது அக்கா."

அவங்க போனாங்க. பாங்கு சொன்னாங்க. வாட்சப் பாத்தா எட்டரை காட்டுது. உச்சி வெயிலு மண்டையப் பொளக்குது, வாட்சுல காலைல எட்டரை.

கோவிந்து கிட்ட காட்டுனேன். ஆட்டிப் பாத்தாரு, காதுல வெச்சுப் பாத்தாரு. "கெட்டுப் போச்சு பொண்ணு இது. தூக்கிப் பையில போடு. நமக்கு பாசஞ்சர் தான் வாட்சு"ன்னாரு.

மொத சோடா போட்டேன். டிரம் பக்கத்துல சாஞ்சு நின்னேன். மரம் கதகதன்னு இருந்துச்சு. தண்டவாளத்துப் பக்கமே கண்ணு. பாசஞ்சர் வரல.

மில்லு சங்கு ஊதிடுச்சு. ரெண்டாவதே போடல, மூணாவத எப்டிப் போடறது. நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு பாசஞ்சர் ஆடி அசஞ்சு வந்துச்சு. ரெண்டாவத போட்டேன். சங்குதான் எப்பவோ ஊதிடுச்சேன்னு கையோட மூணாவதயும் போட்டேன். வாளியக் கீழ வெக்கல, சாயங்காலப் பாங்கு. நாலாவதயும் கொட்டுனேன்.

நோட்டுல நாலு சோடான்னு வரிசையா எழுதுனேன். கணக்கு சரியா இருந்துச்சு.

வெட்டின வாயி

மறுநாள் தோல வெளிய எடுத்தாங்க. மேல் தோலு சொரசொரன்னு, பச்சத் திட்டு திட்டா. இருநூறும்.

முதலாளி பாய் ஒரு தோலத் தடவிப் பாத்துட்டு கீழ வுட்டாரு. "நான் அப்பவே நெனச்சேன். பழைய தண்ணி பழைய தண்ணிதான்."

அக்கா ஒரு தோலக் கைல எடுத்தாங்க. பையன் காய்ச்சல் எறங்கிடுச்சுன்னு போன்ல சொல்லியிருந்தாங்க, அந்த நிம்மதி மொகத்துல இன்னும் மிச்சம் இருந்துச்சு. ஒரு துண்ட வெட்டி வாயப் பாத்தாங்க. அப்பதான் எங்கிட்ட திருப்பிக் காட்டுனாங்க.

தண்ணி பழசா இருந்தா அந்தக் கோடு வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். சோடா அவசரப்பட்டாதான் வரும். தெரிஞ்சும் எங்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: "வாட்ச் பாத்தியா?"

"பாத்தேங்க்கா"ன்னு பொய் சொன்னேன்.

சொல்லிட்டா யார்டுலேர்ந்து தொரத்திடுவாங்கன்னு பயம். திரும்பவும் ஓரத்துல உக்காந்து கத்தரிக்கணும். அவங்க என் மொகத்தக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்பால முதலாளி பக்கம் திரும்பி, "நேரம் தப்பாயிடுச்சு பாய். என் தப்பு. தண்ணி மேல தப்பு இல்ல"ன்னாங்க.

அன்னிக்கு வீட்டுக்கு பாலாத்து மணல்ல நடந்து போனேன். வெள்ள மணலு, ரெண்டு பக்கமும் ஓரமா தண்ணி. எங்க பாத்தாலும் எனக்கு அந்தக் கோடாவே தெரிஞ்சுது.

மறுநாள் விடிஞ்சதும் அவங்க ரூமுக்குப் போனேன். தொழுதுட்டு பாயச் சுருட்டிட்டு இருந்தாங்க. எல்லாத்தயும் சொல்லிட்டேன். எட்டரை, பாசஞ்சர், சங்கு, வாளி.

அவங்க திட்டல. வாட்ச வாங்கி மடில வெச்சுக்கிட்டாங்க. "கெடல எஸ்தரு. இது கானோ டைமு. என் புள்ள எப்ப எழுந்துக்கறான், எப்ப சாப்புடறான்னு பாக்க அப்டியே வெச்சிருக்கேன். டைமு வேற. ஆனா ஒரு மணி நேரம் அங்கயும் அவ்ளோதான், இங்கயும் அவ்ளோதான்."

எனக்கு அப்பதான் உறைச்சுது.

அவங்க வாட்ச கைல கட்டிக்கிட்டே, "எல்லா லாட்டுக்கும் பாசஞ்சர் தானா?"ன்னு கேட்டாங்க.

ஆமான்னேன். லுங்கிய இறுக்கிக் கட்டிட்டு நேரா கோவிந்து கிட்ட போனாங்க. நானும் பின்னாடியே ஓடுனேன். "மேஸ்திரி, நம்ம லாட்டு சிலது ரிட்டன் வருதே, அது எந்த மாதிரி நாள்ல போட்டது?"

கோவிந்து பீடியக் கீழ போட்டாரு. தண்டவாளத்தப் பாத்தாரு.

"லேட்டா வர்ற நாள்ல"ன்னாரு. "இத்தன வருஷம் உப்பு மேல பழி போட்டுக்கினு இருந்தேன் மேடம்."

அந்த வாரமே முதலாளி யார்டுல ஒரு கடிகாரம் மாட்டுனாரு. அக்கா இன்னொரு தடவ தோலு கேட்டாங்க. இருபதுதான் குடுத்தாரு. நான்தான் சோடா போட்டேன், கானோ வாட்சப் பாத்துதான் போட்டேன். மறுநாள் இருபதயும் வெட்டிப் பாத்தோம். நீலம், நீலம், நடுவுலயும் நீலம். கோவிந்து ஒரு துண்ட எடுத்துக் கொதிக்கற தண்ணில போட்டு எடுத்தாரு. மருந்து சரியா புடிக்காத தோலு சுருங்கிடும். இது சுருங்கல.

"எச்சித் தண்ணி வேவுதும்மா"ன்னாரு.

தொட்டி கட்டுனாங்க. இன்னிக்கும் இருக்கு. ஆனா முதலாளி சொன்ன லெட்டரு? இருபது தோலுக்கெல்லாம் எப்டி எழுதறதுன்னு இழுத்துக்கினே போயி, அவங்க கெளம்பற நாளும் வந்துடுச்சு. ஊருக்கு அனுப்பற ரிப்போர்ட்ட அவங்களே எழுதுனாங்க.

ஸைனப் எழுதுன லெட்டர்

போன மாசம் வந்தது அவங்க தங்கச்சி ஸைனப் எழுதுனது. இங்கிலீஷு. எங்க தெருவுல நர்ஸ் விக்டோரியா அக்கா இருக்காங்க, அவங்கதான் படிச்சுச் சொன்னாங்க. ரத்தத்துல நோயாம். ஒரு வருஷம் கஷ்டப்பட்டாங்களாம்.

சாவு சேதிய நான் தாங்கிட்டேன். அடுத்த பக்கம்தான் தாங்கல. ஏதோ பெருமையா சொல்ற மாதிரிதான் எழுதியிருந்தாங்க ஸைனப்.

ரிப்போர்ட்டுல ஹலீமா ஒளிக்காம எழுதினாளாம்: பெரிய லாட்டு கெட்டது என் கவனக் கொறைவால, நேரம் பாக்க வேண்டியது நானு. கம்பெனில பெரியவங்க அதப் படிச்சுட்டு, பொறுப்புக்கு இன்னும் பக்குவம் வரலன்னு மறுபடியும் லேபு மேசைலயே உக்கார வெச்சாங்களாம், ரெண்டு வருஷம். அப்பால குடுத்தாங்க. மொத்த கம்பெனியும். அங்க அந்த நாற்காலில உக்காந்த மொத பொம்பள அவதான். யார்டுல மொத வேலையா கடிகாரம் மாட்டுனாளாம். அங்கயும் பாங்கு கேட்டுதான் சோடா போட்டுட்டு இருந்தாங்களாம். நோவு வந்து படுக்கற வரைக்கும் நாற்காலில இருந்தது மூணு வருஷம்.

விக்டோரியா அக்கா படிச்சு முடிச்சு கண்ணாடியக் கழட்டுனாங்க. நான் வெரல மடக்கிட்டு இருந்தேன். மூணும் ரெண்டும் அஞ்சு. அஞ்சு வருஷம் இருந்திருப்பாங்க அந்த நாற்காலில.

எனக்கு அவங்க எழுதுன லெட்டர் எதுலயும் அந்த ரெண்டு வருஷத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. தொட்டி எப்டி இருக்கு, கோவிந்து மேஸ்திரி எப்டி இருக்காரு, நாய் வாலு வெளுத்துச்சான்னுதான் கேப்பாங்க.

இப்ப நான் அதே யார்டுல நோட்டு எழுதறேன். சோடா போடறதுல என்ன மிஞ்ச ஆளில்லன்னு சொல்றாங்க. கடிகாரம் தலைக்கு மேல ஓடுது. ஆனா பாசஞ்சர் சத்தம் கேட்டா கை தானா வாளிக்குப் போவுது. டிரம்ல சாஞ்சு கண்ண மூடுனா, பக்கத்துல அவங்களும் காது வெச்சு நிக்கற மாதிரியே இருக்கும். தண்ணி கம்மியா ஜாஸ்தியான்னு கேக்கணும் போல இருக்கும்.

போன ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சதும் விக்டோரியா அக்கா வீட்டுக்குப் போனேன். கானோ கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கன்னேன்.

"ஒருத்தங்க போயி சேந்தப்பறம் இது எதுக்கு எஸ்தரு? யாரு படிக்கப் போறா?"

"நீங்க எழுதுங்கக்கா. நான் சொல்றேன்."

சொன்னேன். ஆம்பூருல கெட்டுப்போன அந்த இருநூறு தோலுக்கு சோடா போட்டது ஹலீமா இல்ல. வாட்சக் குடுத்து, எப்டிப் பாக்கணும்னு காட்டிட்டுதான் போனாங்க. நான் பாக்கல. பாத்தேன்னு அவங்க மொகத்துக்கு நேரா பொய் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டுல அவங்க பேர அடிச்சுட்டு என் பேர எழுதிக்கோங்க. எஸ்தர், டிரம் யார்டு.

விக்டோரியா அக்கா எழுதி முடிச்சு, "கீழ வணக்கம் போட்டு முடிச்சுடவா?"ன்னாங்க.

கொஞ்சம் இருங்கன்னேன். ஸைனப் லெட்டர எடுத்து கடைசிப் பக்கத்தக் காட்டுனேன். கல்லறைல அவங்க எளைப்பாறட்டும்னு எழுதி, கீழ அவங்க பாஷைல ஒரு வரி போட்டிருந்துச்சு. சன்னுல ஆரம்பிக்கற வரி. விக்டோரியா அக்காவுக்கு அது புரியல. எனக்குப் புரிஞ்சுது. எளைப்பாறி இருக்கறவங்களுக்குச் சொல்றது. அன்னிக்கு நான் கத்துக்காம வுட்டது.

பேனாவ வாங்கி, ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து, அந்த வரிய நானே எழுதுனேன்.